இளவரசியின் நிறக் கட்டம்

மூன்று மணிக்கு நாவலின் அட்டை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு மணியிலிருந்து பிழை திருத்தும் அக்கா நாற்காலிக்கும் சன்னலுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

எந்த நாவல் வந்தாலும் பாத்திரங்களின் கண், முடி, நிறம், தழும்பு எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் குறித்துவைப்பது அவள் வழக்கம். முதல் அத்தியாயத்தில் கை இழந்தவள் பத்தாவதில் அதே கையால் வாள் வீசிவிடக் கூடாதல்லவா? டிராகன் ஏறிப் போருக்குப் போகும் இளவரசியைப் பற்றிய இந்த நாவலில், தோழிக்கு நேரே ‘கரி நிறம்’ என்று எழுதியிருந்தாள். இளவரசியின் நிறக் கட்டம் காலி. அந்தப் பட்டியலை மட்டும் வாங்கிப்போன ஓவியப் பெண், இளவரசியைத் தன்னைப் போலவே நல்ல கறுப்பாய் வரைந்துவந்துவிட்டாள்.

“காலியா இருந்துச்சு. எனக்குத் தோணினதைப் போட்டேன்” என்றாள் ஓவியப் பெண்.

பதிப்பாசிரியர் பிடரியைத் தடவினார். “கதையில எங்கயாவது இளவரசி நிறம் வருதாக்கா? வரலேன்னா இதையே அனுப்பிடலாம். நீங்க சொன்னா சரி.”

அக்காவுக்குத் தெரியும். வருகிறது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், தோழி செத்ததும், ‘இளவரசியின் பால் கன்னம் சிவந்தது’. மூன்று முறை படித்தும் பட்டியலில் ஏற்றவில்லை. கரி கண்ணில் பட்டது. பால் ஒரு நிறமாகவே படவில்லை. இத்தனைக்கும் அவளும் கறுப்புத்தான். இல்லையென்று சொல்லிவிட்டால் படமும் பிழைக்கும், அவள் பேரும் பிழைக்கும்.

“வருது. நான்தான் கோட்டை விட்டுட்டேன்” என்றாள்.

ஓவியப் பெண் அட்டையைச் சுருட்டத் தொடங்கினாள்.

“இருடி. எழுதினவங்களையே கேப்போம்.”

பதிப்பாசிரியர் போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். நாவலாசிரியை சிரித்தார். “என் இளவரசி யாருக்கும் அடங்க மாட்டா, அதுதான் முக்கியம். நிறத்துல என்ன இருக்கு?”

“அப்போ அந்தப் பாலை எடுத்துடலாமாம்மா?” என்றாள் அக்கா.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. “எடுத்தா ரெண்டு பேரும் கறுப்பாயிடுவாங்களே. தோழி யாரு, இளவரசி யாருன்னு படிக்கிற பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தண்ணி சுமக்கிறவ தோழி. பாதியில சாகிறவளும் அவதான். தெரியாம போகாதும்மா.”

பதிப்பாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ செத்தாத்தானே இவளுக்கு வீரம் வருது” என்றார் நாவலாசிரியை, குரல் இறங்கி. பிறகு, “சரி, பாலை அடிச்சிடுங்க. படம் அப்படியே போகட்டும்.”

ஓவியப் பெண் அட்டையோடு படியிறங்கி ஓடினாள். பதிப்பாசிரியர் பெருமூச்சு விட்டுப் போனை அணைக்கக் கை நீட்டினார். அக்கா அதன்மேல் தன் கையை வைத்தாள்.

“வெச்சுடாதீங்கம்மா. தோழியைப் பத்தியும் கொஞ்சம் பேசணும்.”