பொருந்தியதும் பொருத்தியதும்

அலைத்தொட்டியில் ஓராள் நீளமுள்ள மாதிரிக் கப்பல் ஒரு பக்கமாகப் படுத்து, மெல்ல எழுந்தது. பின்னாலிருந்து வரும் இந்த அலைக்கு இருபது டிகிரிதான் சாயும் என்று கணினி சொல்லியிருந்தது. சாய்ந்ததோ முப்பத்தொன்று. அசல் கப்பலின் முதல் பயணத்தில் மாலுமியாகப் போகப்போகிறவன் என் தம்பி.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சமரசம்’. மனுஷன் யாரோடும் சண்டை போடமாட்டார், எண்களோடு கூட. கப்பலின் ஆட்டத்தைத் தண்ணீர் எவ்வளவு அடக்கும் என்பதற்குக் கணக்கில் ஓர் எண் உண்டு. அதைக் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். கணினி வரைந்த கோடு, தொட்டியில் அளந்த கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

“பாத்தியாம்மா, பொருந்திடுச்சு! பெரிய அலைக்கும் இதே எண்ணை வெச்சுப் பாத்துட்டேன். கப்பல் தாங்குது.”

“அதுவா பொருந்தலை சார், நீங்க பொருத்திட்டீங்க. விடையைப் பாத்து எழுதிட்டு பாஸ்னு சொன்னா எப்படி? பெரிய அலையைத் தொட்டியிலயே விட்டுப் பாக்கணும்.”

“தொட்டியை வேற ஆளுங்களுக்குக் குடுத்தாச்சு. கப்பலும் நாளைக்குக் கிளம்புது. சும்மா நோண்டாம அறிக்கையை எழுதிக் குடு.”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுதினேன். ‘கணிப்பு, அளவீட்டோடு பொருந்தியது’ என்று வரவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ‘பொருத்தியது’ என்று போட்டேன். கப்பல் கம்பெனியில் ஒருவராவது இது என்ன என்று கேட்பார் என்ற நப்பாசை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சமரசம் படித்துவிட்டுச் சிரித்தார். “கணக்குல புலி, எழுத்துல எலியா?” நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஓரெழுத்தைத் திருத்தி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் தம்பியைப் போனில் பிடித்தேன்.

“ஏறாதேடா. அந்தக் கணக்கை நம்ப முடியாது.”

“என்னக்கா கூத்து இது? கப்பலுக்கு வந்த அறிக்கையில உன் கையெழுத்து இருக்கே! புதுக் கப்பல், பயமா இருக்குன்னு ரெண்டு பசங்க கீழயே நின்னாங்க. எங்கக்கா பாத்து ஓகே பண்ண கப்பல்டான்னு சொல்லி நான்தான் ஏத்திவிட்டேன்.”

“அவங்களையும் கூட்டிட்டு இறங்கிடு.”

போனில் கப்பலின் சங்கு நீளமாக ஊதியது.

“கயிறு அவுத்தாச்சுக்கா” என்றான்.