பின் சீட்

அமீர் ஜானின் தெருவைத் தாண்டும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். நாற்பத்தெட்டு வயது ஆள் விடிந்ததும் விடியாததுமாகத் திருட்டு வண்டி மாதிரி சொந்த வண்டியைத் தள்ளுவது எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தம் கேட்டால் அவன் வெளியே வருவான். வந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவனை ஏற்றுவதில்லை என்று தோணிரேவில் என் வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

அது எண்பத்தேழாம் வருஷம். குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததால் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்காக மெட்ராஸில் ஒரு சங்கத்துக்காரர்கள் பேரணி ஏற்பாடு செய்திருந்தார்கள். சனிக்கிழமை அங்கே மைதானத்தில் வண்டிகளைப் பார்வையிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வண்டிகளும் ஊர்வலமாகப் பழவேற்காட்டுக்கு வந்து திரும்பும். திங்கட்கிழமை மெட்ராஸில் கொடியேற்றிப் பரிசு தருவார்கள்.

“இங்கேர்ந்து அங்க போயி, அங்கேர்ந்து இங்கியே ஊர்கோலம் வருவீங்களா?” என்று என் மனைவி மார்கரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

என்னுடையது ஐம்பத்தெட்டாம் வருஷத்து லாம்பிரெட்டா. மீனவர்களிடம் இறால் வாங்கி மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்பும் ஏஜெண்ட் நான். அறுபத்திரண்டில் அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதன் பின் சீட் அமீர் ஜானுடையது. அவன் பழவேற்காடு கடைத்தெருவில் டெய்லர். ‘வர்றியா’ என்று நான் அவனை ஒருநாளும் கேட்டதில்லை. தெருமுனையில் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பேன். சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்து ஏறுவான். எங்கே போகிறோம் என்பதைப் பாதி வழியில்தான் விசாரிப்பான்.

இதைக் கெடுத்தது தனசேகர். பொன்னேரியில் கரண்ட் ஆபீஸ் கிளார்க். இரண்டு வருஷத்துக்கு முன் அமீர் ஜானின் எதிர் வீட்டுக்குக் குடிவந்தவன். மாமா கொடுத்த பழைய வெஸ்பா ஒன்று அவனிடம் இருந்தது. அதைத் தினமும் துடைப்பான். எனக்கு அதுவே பிடிக்காது. வண்டி என்றால் ஓட்ட வேண்டும், தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

பேரணிக்கு முந்தின வாரம் பொன்னேரி ரோட்டில் அந்த வெஸ்பா எனக்கு எதிரே வந்தது. பின்னால் அமீர் ஜான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, தனசேகரின் தோளில் கைபோட்டபடி போனான். இருபத்தைந்து வருஷத்தில் என் தோளில் அவன் கை வைத்ததில்லை. ஸ்டெப்னியைத்தான் பிடித்துக்கொள்வான்.

“முட்டிவலிக்கு ஊசி போட்டுக்கப் போனாராம். நீங்க இறாலுக்குப் போயிட்டீங்க, அவரு இன்னா பண்ணுவாரு?” என்றாள் மார்கரெட்.

“ஊசி போட்டுக்கப் போறவனுக்கு இன்னா சிரிப்பு?”

“உங்களுக்கு வயித்தெரிச்சல்.”

ஆமாம், வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

மெட்ராஸ் மைதானத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். ‘பின் இருக்கையில் வருபவர் பெயர்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். வாங்கிப் பார்த்தவர், “தனியாவா சார்?” என்றார். ஐம்பது வண்டிக்கு மேல் வந்திருந்தன. பெண்டாட்டி, தம்பி, மச்சான் என்று எல்லோரும் யாரையாவது கூட்டி வந்திருந்தார்கள். நான் என் வண்டியின் பின் சீட்டில் துணிப்பையை வைத்து அது காலியாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

மதியம் அந்த வெஸ்பா உள்ளே வந்தது. பின்னால் அமீர் ஜான்.

இரண்டு பேரும் ஒரே துணியில் சட்டை போட்டிருந்தார்கள். நீலத்தில் வெள்ளைக் கோடு. எனக்கு எத்தனையோ சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறான். ஒன்றுகூட அவன் சட்டைக்கு ஜோடியாக இருந்ததில்லை. தனசேகருக்கு அந்தச் சட்டை தொளதொளவென்று இருந்தது. தோள் இறங்கி, கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. பெரிய டெய்லர், அளவெடுக்கக்கூடத் தெரியவில்லை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அமீர் ஜான் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன். தனசேகர்தான், “அண்ணே, நீங்களும் வந்துட்டீங்களா!” என்று ஓடிவந்தான். நல்ல பையன். அதுவும் எனக்கு ஆகவில்லை.

மறுநாள் ஊர்வலம் கிளம்பியது. என் கண்ணெல்லாம் முன்னால் போகும் வெஸ்பாவின் மேலேயே இருந்தது. அமீர் ஜான் இந்த வண்டியில் ஊருக்குள் நுழைவதைக் கடைத்தெரு முழுக்கப் பார்க்கப்போகிறது என்று நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் எல்லோரும் டீக்கு நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் கடைக்குள் போனதும் நான் வெஸ்பாவின் சீட்டுக்குக் கீழே கையை விட்டுப் பெட்ரோல் டேப்பை மூடினேன்.

மூடினால் வண்டி உடனே நிற்காது. குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு உயிரை விடும். அந்த நேரத்தில் நான் போய் நிற்க வேண்டும். ‘ஏறு’ என்று சொல்ல வேண்டும். எழுபதில் அமீர் ஜானின் மச்சான் புது மோட்டார் சைக்கிளில் அவனைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தபோது இதே வேலையைச் செய்திருக்கிறேன். அன்றைக்குப் பலித்தது.

அரை மைல் தாண்டி வெஸ்பா ரோட்டோரம் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது தனசேகர் உதைத்து உதைத்துக் களைத்திருந்தான். அமீர் ஜான் குனிந்து சீட்டுக்குக் கீழே கையை விட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“குப்பை அடச்சிகினு இருந்துது தனசேகரு. சரியாப்பூட்டுது, இப்ப ஒதை” என்றான்.

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அமீர் ஜான் நொண்டிக்கொண்டு என் பக்கம் வந்து, தனசேகருக்குக் கேட்காமல் பேசினான்.

“எழுவதுல செஞ்ச. சின்ன வயசு, போவட்டும்னு வுட்டேன். இப்ப இன்னா?”

நான் பின் சீட்டிலிருந்த துணிப்பையைச் சரிசெய்தேன்.

“நேத்து காலைல நீ வண்டியத் தள்ளிகினு போனத ஜன்னல்ல பாத்துகினுதான் இருந்தேன். பையோட நின்னுகினு இருந்தேன், மாசி.”

“கூப்புட்டிருக்கலாமே.”

“நீ கூப்புட்டிருக்கலாமே.” தனசேகர் பக்கம் தலையைச் சாய்த்தான். “அவன் மாட்டிகினு கீறானே சட்டை, அது யாரு அளவுன்னு பாரு.”

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போய் வெஸ்பாவில் ஏறிக்கொண்டான். தொங்கிய தோளையும் நீண்ட கையையும் நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இவ்வளவு அகலத் தோள் அவன் கடைக்கு வருகிறவர்களில் எனக்கு மட்டும்தான்.

பழவேற்காட்டில் கூட்டமான கூட்டம். மீன் விற்கும் இருசம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள். “இன்னா மாசிலாமணி, உன் பின்னாடி காலியா கீது, பாயி அங்க கீறாரு?” என்று தெருவுக்கே கேட்கும்படிக் கேட்டாள். ஏரிக்கரையில் ஸ்லோ ரேஸ் வைத்தார்கள். காலை ஊன்றாமல் கடைசியாக வருகிறவனுக்குக் கோப்பை. பின்னால் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். ரோடெல்லாம் வலையும் பொடிமீனும் காயும் ஊர் இது. அதற்கு நடுவில் அமீர் ஜானை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியவன் நான். அந்தப் போட்டியை ஓரமாக நின்று பார்த்தேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு தனசேகர் இரண்டாவதாக வந்தான். நான் என்றால் முதல் பரிசு.

மற்ற வண்டிகள் மெட்ராஸ் திரும்பின, ஊர்க்காரர்கள் நாங்கள் தங்கிவிட்டோம். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. “நாளைக்காவது கூட்டிகினு போங்க” என்றாள் மார்கரெட்.

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடித்தேன். யாரும் வரவில்லை. எதிர் வீட்டு வாசலில் வெஸ்பா பளபளவென்று துடைத்துவைத்தபடி நின்றது. மறுபடி அடித்தேன். ஜன்னல் திரை லேசாக ஆடியதே தவிரக் கதவு அப்படியே இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். போனால் தனசேகர் ஏற்றிக்கொள்வான் என்பதும் ஞாபகம் வந்தது.

வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். போய்க் கதவைத் தட்டினேன்.

அவன் மனைவி பரக்கத் பீவி உடனே திறந்தாள். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள். “ஹார்ன் அடிச்சா தொறக்காத, தட்னா தொறன்னு சொல்லி வச்சிருக்காருண்ணே” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே அமீர் ஜான் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான்.

“இன்னா?” என்றான்.

“வர்றியா?”

“எங்க?”

“எங்கன்னு தெரியாதா ஒனக்கு? மெட்ராசுக்கு.”

“தனசேகரும் கூப்புட்டான்.”

“நீ இன்னா சொன்ன?”

“சட்டையக் கழட்டிக் குடுன்னேன்” என்று கொடியைக் காட்டினான்.

நீலத்தில் வெள்ளைக் கோடு. துவைத்துப் போட்டது இன்னும் காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டேன். தோள், கை, கழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தது. காலரில் மட்டும் தனசேகரின் பவுடர் வாசனை.

“இன்னொரு தபா தொவச்சிருக்கலாம்” என்றேன்.

அமீர் ஜான் சிரித்தான். பொன்னேரி ரோட்டில் நான் பார்த்த அதே சிரிப்பு.

ஏறும்போது என் தோளை அழுத்திப் பிடித்தான். முட்டி மடங்கவில்லை, தோளைப் பிடிக்காமல் இப்போதெல்லாம் அவனால் எந்த வண்டியிலும் ஏறவும் முடியாது, உட்காரவும் முடியாது.