ஒன்பது கிலோமீற்றர் கிறவல்

...வேலைக்குப் போகிற றோட்டு ஒன்பது கிலோமீற்றராம், வழியில் ஒரு கார்கூட இல்லையாம், அதைப் பெரிய அதிசயம் மாதிரி எழுதியிருக்கிறாள், கார் இல்லாத றோட்டை நாங்கள் காணாததா, தொண்ணூறில் சண்டையென்று அரசாங்கம் பெற்றோலைத் தடுத்து வைத்தபோது யாழ்ப்பாணம் முழுக்கக் கார் இல்லாத றோட்டுத்தானே, அதை யார் படம் பிடித்து அனுப்பினார்கள்... இங்கே கனடாவில், கென்னடி றோட்டில் பஸ் மறுபடியும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற சனம் முழுக்க இதற்குள்தான், பக்கத்து சீற்றில் அம்மா, மடியில் அன்ரனெற்றின் கடிதம், சுவிஸிலிருந்து வியாழக்கிழமை வந்தது, எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. கடிதத்துக்குள் ஒரு படம். இரண்டு பக்கமும் மலை, ஜூன் மாதத்திலும் உச்சியில் பனி, நடுவில் ஆறு, ஆற்றோரம் வெள்ளைச் சரளைக்கல் பரவிய ஒரு கிறவல் றோட்டு, அதில் அன்ரனெற் சைக்கிளில். தலைமயிரை விரித்துவிட்டிருக்கிறாள். ஆம்பிளைக் காற்சட்டை. வாயைத் திறந்து சிரிக்கிறாள், கள்ளி, அந்தச் சிரிப்பு. "உவள் நல்லாய்க் கொழுத்திட்டாள், என்ன?" என்று அம்மா எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். கொழுக்கவில்லை அம்மா. சந்தோசமாக இருக்கிறாள். சந்தோசமான ஆளைக் கண்டு எங்களுக்குப் பழக்கமில்லை, அதனால் கொழுப்பு மாதிரித் தெரிகிறது. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் பஸ்ஸுக்குள் சண்டை.

பெரியம்மாவின் மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள், அவளுக்கு ஊரில் சைக்கிள் ஓடவே தெரியாது, இதுதான் எனக்குத் தாங்கமுடியாதது. மூன்று வருடம் அவளைக் கரியரில் இருத்தி ரியூசனுக்கு உழக்கிக்கொண்டு போனது நான். மணலில் ரயர் புதைந்தால் இறங்குவாள், ஆனால் தள்ளமாட்டாள், ஓரமாக நின்று சிரிப்பாள். கணக்கில் இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரம் எடுக்கமாட்டேன் என்று அழுதுகொண்டு நின்றவளைக் அகஸ்ரின் அத்தானுக்குக் கட்டிக்கொடுத்து, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு சுவிஸுக்கு அனுப்பினார்கள். நான் படித்தேன். இங்கே வந்தும் படித்தேன், கோப்பிக் கடையில் நின்று படித்தேன், எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்று அம்மா சேர்ச்சில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள், இரசாயனத்தில் டிகிரி, இப்போது மார்க்கம் என்கிற ஊரில் ஒரு கொம்பனியில் ஊர்பேர் தெரியாதவர்களின் விலாசங்களைக் கொம்பியூட்டரில் அடிக்கிறேன், போக மூன்று பஸ், வர மூன்று பஸ். போன வருடம், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேலில் ஒரு சைக்கிள் வாங்கினேன். முதல் நாளே இதே கென்னடி றோட்டில் ஒரு லொறியின் பக்கக் கண்ணாடி முழங்கையில் தட்டிக்கொண்டு போனது, கோர்ண் அடித்தவன் என்ன சொல்லித் திட்டினான் என்று திருப்பிச் சொல்லமாட்டேன். அன்றோடு அது பதினாலாம் மாடிப் பல்கனியில் நிற்கிறது. அதன் ஹாண்டிலில் அம்மா துவாய் காயப்போடுகிறாள். அன்ரனெற்றுக்கோ வேலையிடத்து முதலாளி மனிசி சும்மா கொடுத்த சைக்கிள், இருபத்தைந்து வயதில் பழகினாளாம், விழுந்து விழுந்து பழகினாளாம்...

பஸ் போகிறது, நிற்கிறது, போகிறது. இரண்டாம் பக்கத்தை விரிக்கிறேன், அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். 'உனக்கு மட்டும் சொல்லுறன் பேர்ணா. காலமை ஆறரைக்கு வெளிக்கிடுவன். கீழ் ஊரோடை கார் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவினம், அங்காலை விடாயினம். ஏறேக்கை மூச்சு முட்டும். மேலை ஹோட்டலிலை இருவத்திரண்டு கட்டில் விரிக்கவேணும், கக்கூசு கழுவவேணும். பின்னேரம் இறங்கேக்கை நான் பிரேக்கைப் பிடிக்கிறேல்லை. கல்லுத் தெறிக்கும், பின் சில்லு வழுக்கும், கண்ணாலை தண்ணி ஓடும். அந்த இருவது நிமிசமும் நான் ஆரின்ரையும் பெண்சாதி இல்லை, ஆரின்ரையும் அம்மா இல்லை.' பிறகு, பேனையை அழுத்தி எழுதியிருக்கிறாள், 'அவர் கனடாவுக்கு விசா எடுத்திட்டார். தமையன்மார் எல்லாரும் உங்கைதானே. நான் வேண்டாம் எண்டால் கேளார். நீ படிச்சனி, நீ வேண்டாம் எண்டால் நிப்பார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் எடுப்பார். எனக்காகச் சொல்லு. என்ரை றோட்டை விட்டிட்டு வரமாட்டன்.' என்ரை றோட்டாம். கக்கூசு கழுவுகிற ஒருத்தியைப் பார்த்து எனக்குப் பொறாமை, வெட்கமாக இல்லையா உனக்கு என்று என்னையே கேட்கிறேன், இல்லை, வெட்கமில்லை, எரிகிறது, நெஞ்சுக்குக் கீழே, சரியாக ஒரு இடத்தில். எனக்கு ஒரு நாளில் இருபது நிமிடம் இருக்கிறதா? நான் யாருடைய மகளும் இல்லாத இருபது நிமிடம்?

எங்கள் ஆட்களில் இது ஒரு வழக்கமாகிவிட்டது, பிறிஜ் வாங்குவதென்றாலும், வயிற்றை வெட்டி ஒப்பரேசன் செய்வதென்றாலும், 'பேர்ணடெற் என்ன சொல்லுறாள்?' எதற்கும் என்னைக் கேட்பார்கள். டிகிரி எடுத்தால் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைப்பு. உனக்கு என்ன வேணும் பிள்ளை என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அகஸ்ரின் அத்தானும் அப்படித்தான், பெண்சாதியின் வாயை நம்பமாட்டார், நான் எடுத்த டிகிரியை நம்புவார். சரி, சொல்வேன், வேண்டாம் என்றே சொல்வேன், பொய்கூடத் தேவையில்லை, உள்ளதைச் சொன்னாலே போதும், குளிர், பஸ், பதினாலாம் மாடி, அடிக்கடி பழுதாகிற லிஃப்ற்... டோர்செட் பார்க்கில் இறங்கி நடந்து, லிஃப்ற்றுக்குள் யாரோ பொரித்த மீன் மணத்தோடு மேலே போகும்வரைக்கும் அந்த வசனத்தை வாய்க்குள் வைத்திருந்தேன். 'வரவேண்டாம் அத்தான்.' இரண்டு சொல். குழந்தையும் சொல்லும்.

அம்மா இறைச்சியை அடுப்பில் வைக்க, போன் அடித்தது.

"பேர்ணா, அத்தான் கதைக்கிறன். பூசையாலை வந்திட்டீரே?"

"ஓம் அத்தான்."

"நான் வளைச்சுக் கதைக்கேல்லை. உவளுக்கு விருப்பமில்லை, மூஞ்சையிலை தெரியுது. தமையன்மாரின்ரை கதையையும் முழுக்க நம்பேலாது, அவையள் புதுக் கார் வாங்கினதை மட்டும்தான் சொல்லுவினம். நீர் படிச்சனீர். பிள்ளையளுக்கு உங்கை நல்லமோ இல்லையோ? வேண்டாம் எண்டு நீர் சொன்னால் நான் இப்பவே விசாவைக் கிழிச்சுப்போட்டுப் படுப்பன். ஓம் எண்டால் நாளைக்கு வேலையிடத்திலை நோட்டீஸ்."

வாய்க்குள் வசனம் இருந்தது, நாக்கில் அதன் பாரம்கூடத் தெரிந்தது, அந்த நேரம் பார்த்து அவளுடைய தலைமயிர் கண்ணுக்கு முன்னால் வந்தது, விரித்துவிட்ட தலைமயிர், கல்லுத் தெறிக்கிற சத்தம், நான் கேட்டேயிராத அந்தச் சத்தம், நாளைக்கும் இறங்குவாள், நாளன்றைக்கும் இறங்குவாள், பிரேக் பிடிக்காமல், நான் மூன்றாவது பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள்... "வாங்கோ அத்தான்" என்றேன். என் குரல்தான். "நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, தமிழ்ப் பூசை இருக்கு, பிள்ளையள் தமிழ் கதைக்குங்கள். அன்ரனெற்றுக்கும் நான் இருக்கிறன்தானே." ஒவ்வொரு சொல்லும் உண்மை, வேண்டுமென்றால் யாரும் வந்து பார்க்கலாம். அத்தான் ஒரு பெரிய மூச்சு விட்டார். "அப்ப சரி பிள்ளை. அது காணும். உவளிட்டைக் குடுக்கிறன்."

ரிசீவர் கை மாறுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், பிறகு அவள், குசுகுசுவென்று. "சொல்லிட்டியே?"

"ஓம், கதைச்சனான்."

"எனக்குத் தெரியும் நீ விடமாட்டாய் எண்டு! அவர் ஒண்டும் பறையாமல் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியிலை போறார், பாவம்." சிரிக்கிறாள், அதே சிரிப்பு. "அடுத்த சமர் லீவுக்கு நீ இஞ்சை வா, என்ன? ஹோட்டலுக்கு ஆள் தேவை. டிகிரி இருந்தால் நல்ல வெள்ளையாய்க் கழுவுவாயாம்."

"போடி" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா, அகப்பையோடு. வருகிறார்கள் என்றேன். "மாதாவே, ஆர் வரச்சொன்னது?" நான்தான் சொன்னேன் என்றேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, முதல் மாதம் அவர்கள் எங்கே படுப்பார்கள், ஹோலில் எத்தனை மெத்தை போடலாம் என்று காலால் அளக்கத் தொடங்கிவிட்டாள். நான் போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். திருப்பி எடுக்கலாம், அவர் சிகரெட் முடித்து உள்ளே வருவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் இருக்கும், எடுத்து என்னவென்று சொல்வது... அன்ரனெற் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார், சொல்லுக்குச் சொல் சொல்லு என்று நானென்றால் கேட்டிருப்பேன், நான் யாரையும் அப்படி விட்டதில்லை. பெயரைக்கூட இரண்டு தரம் சரிபார்த்து அடிக்கிறவள் நான். அவள் கேட்கவேயில்லை, ஒரு கேள்வியில் எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டுச் சிரித்தாள், நான் அப்படி ஒன்றைத் தர யாரிடம் போவேன், அம்மாவிடமா, எண்ணிப் பார்க்கிறேன், ஒரு பெயரும் வரவில்லை, அவளுக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள், இத்தனை வருடமும், அதற்கும் எனக்கு எரிகிறது, அந்த ஒருத்தி நானாக இருந்தும்...