காகித மீட்பு அலுவலர்

1

பூமியைக் காப்பதில் இலக்கியத்தின் பங்கு குறித்து வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த அறிவிப்பொன்றை வெளியிட இக்கதை கடமைப்பட்டுள்ளது.

(இல்லை. அக்கா கெஞ்சினாள், ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதன் விளைவு இது.)

அக்கா மகள் படிப்பை முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். என் நாவலை அச்சடித்து வெளியிட்ட அச்சக முதலாளி அவளை எடுத்துக்கொள்ளத் தயார், சம்பளத்தில் பாதியை அரசு தந்தால். இளைஞர்களைச் சுற்றுச்சூழல் வேலைக்கு வைத்தால் அரசு தரும். அச்சகத்தில் ஏது சுற்றுச்சூழல்? அதற்குத்தான் நான். 'காகித மீட்பு அலுவலர்' என்றொரு பதவியைக் கற்பனை செய்து, இரண்டு பக்கப் பணி விவரம் எழுதிக் கொடுத்தேன். மானியம் வந்தது. என் புனைவுகளில் ஒருவராவது நம்பியது அது ஒன்றைத்தான்.

2

கதாநாயகியை எப்படி அறிமுகப்படுத்துவது?

கண்களில் பசுமைக் கனவுகள் மின்ன அவள்—

வேண்டாம். கண்ணாடி போட்டிருப்பாள், அவ்வளவுதான். பேருக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து பிழை திருத்துவாள் என்று நானும் முதலாளியும் நினைத்திருந்தோம். அவளோ பணி விவரத்தை வரிவரியாகப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"மாமா, மீட்புன்னு போட்டிருக்கீங்களே, யார்கிட்டேர்ந்து மீட்கணும்?"

ஓசைக்காகப் போட்ட சொல். "வீணடிக்கிறவங்ககிட்டேர்ந்துதாம்மா" என்று சமாளித்தேன்.

(கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

3

ஆறு மாதம் கழித்து அரசு ஆய்வாளர் வந்தார். மீட்ட காகிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் மானியம் தொடரும். மானியம் நின்றால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். விண்ணப்பத்தை எழுதிய பாவத்துக்கு நானும் போய் ஓரமாக நின்றேன்.

அவள் கிடங்கைத் திறந்தாள். கூரை வரை கட்டுக்கட்டாக என் நாவல்.

ஆய்வாளர் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். மூடினார். இது வீண்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்.

"பன்னண்டு வருஷமா ஒருத்தரும் கேட்கலை சார். கூழாக்கினா நல்ல தாள் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எழுதினவர் சம்மதிச்சு ஒரு கையெழுத்துப் போடணும்."

முதலாளி பேனாவை நீட்டினார். என்னிடம் யாராவது கையெழுத்துக் கேட்பது அதுவே முதல் முறை.

4

முடிவுகள்:

அ) மாமன் மறுக்கிறான். இலக்கியம் வெல்கிறது. அவள் வீட்டுக்குப் போகிறாள். அக்கா மாமனை— (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

ஆ) ஆய்வாளர் முதல் பக்கத்தைப் படித்துக் கண்கலங்கி— (புனைவுக்கும் ஓர் எல்லை உண்டு.)

இ) உங்கள் விருப்பம். வாசகரின் சுதந்திரத்தில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு.

முடிவெடுக்கும் முன் இந்தத் தாளை ஒருமுறை தடவிப் பாருங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும்.

அது என் நாவல்.