மிதித்தால் பிடிக்கும் பலகை

கொறற்றிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் அவளுடைய பெயரைப் பிழையாகவே அடித்திருந்தார்கள். இரண்டிலும் 'அன்ட்ராக்' என்ற சொல் பல இடங்களில் இருந்தது. அது விண்ணப்பத்துக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவள் போட்டிருந்த விண்ணப்பங்களும் இரண்டுதான். ஒன்று, இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று கேட்டது. மற்றது, வெங்காயம் உரிக்கிற பலகைக்கு.

டுசல்டோர்ஃபுக்கு வடக்கே, மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளைத் தங்கவைத்திருந்தார்கள். கரும்பலகை கழற்றாத ஒரு வகுப்பறையில் கொறற்றியும் அவளுடைய அண்ணனின் மனைவி தேவமலரும் இருந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டு இளவேனிலில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த இராணுவம் அடித்த ஷெல் ஒன்றில் தேவமலருக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பின்னால் வருகிறேன் என்று சொல்லித்தான் அண்ணன் இருவரையும் அனுப்பிவைத்தான். இன்னும் வந்துசேரவில்லை.

வந்த புதிதில் ஒருநாள் பொதுச் சமையலறையில் தேவமலர் வெங்காயத்தை மொட்டைக் கையால் அமத்திப் பிடித்து உரிக்கப் பார்த்தாள். அது உருண்டு அடுப்புக்குக் கீழே போனது. எடுத்து வந்து மறுபடியும் அமத்தினாள். மூன்றாம் தரம் உருண்டபோது கத்தியைச் சுவரில் எறிந்தாள்.

"விடுங்கோ மச்சாள், நான் உரிச்சுத் தாறன்" என்றாள் கொறற்றி.

"எனக்கு ஒருத்தரும் உரிச்சுத் தர வேண்டாம். இண்டைக்கு வெங்காயம், நாளைக்கு என்ன, சோறும் தீத்துவீங்களோ?"

கொறற்றி கத்தியைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். அவள் குருநகரில் தகப்பனின் சைக்கிள் கடையில் வளர்ந்தவள். பிறேக் பிடிக்காத சைக்கிளை அவளிடம்தான் தகப்பன் தள்ளிவிடுவார். அந்த வாரம் ஊர்க்காரர் வேண்டாத சாமான்களைத் தெருவில் வைக்கும் நாள் வந்தது. கொறற்றி ஒரு பழைய சைக்கிளை உருட்டி வந்தாள். அதன் பிறேக் கட்டைகள் இரண்டையும் ஒரு பலகையில் எதிரெதிராகப் பூட்டி, பிறேக் கம்பியை மேசைக்குக் கீழே இறக்கி, நுனியில் ஒரு மிதிகட்டையைக் கட்டினாள். காலால் மிதித்தால் கட்டைகள் இரண்டும் வெங்காயத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரு கை போதும். ஒரேயொரு குறை, காலை எடுத்தாலும் கட்டைகள் தானாக விலகாது. விரலால் தள்ளிவிட வேண்டும்.

தேவமலர் அன்று ஏழு வெங்காயம் உரித்தாள். கறிக்கு இரண்டு போதுமாயிருந்தது.

விடுதியைப் பார்த்துக்கொண்ட ஹெல்ஷர் என்ற ஜெர்மன் பெண்மணி அதைக் கண்டுவிட்டுக் கைதட்டினாள். இதை உன் கண்டுபிடிப்பு என்று அரசாங்கத்தில் உடனே பதிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது உன்னுடையதைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பாதி ஜெர்மனிலும் பாதி கையசைவிலும் சொன்னாள். படிவத்தையும் அவளே நிரப்பினாள். கொறற்றி படம் கீறிக் கொடுத்தாள், கையெழுத்தும் வைத்தாள். அதன் பிறகுதான் பயம் பிடித்தது. அகதி விண்ணப்பத்தில் தொழில் இல்லை என்று எழுதியிருந்தாள். இதிலோ கண்டுபிடித்தவர் என்று எழுதியிருக்கிறது. அகதிகள் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். கண்டுபிடிப்பதும் வேலையா? யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவே வினையாகிவிடுமா?

மாதக்கணக்காக இந்தக் குழப்பத்தோடு இருந்தவளுக்குத்தான் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன.

ஒன்றுக்குள் ஒரு படம் இருந்தது. அவளுடைய பலகைதான். ஆனால் பிறேக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கயிறு இருந்தது. மிதிகட்டை வேறு வடிவம். கட்டைகளுக்கு நடுவே வளைந்த தகடு ஒன்று.

"வடிவாக் கீறி அனுப்பியிருக்கினம் மச்சாள். ஆனா ஏன் மாத்தினவை எண்டு விளங்கேல்லை. கயிறு இழுபடுமெல்லோ?"

"படம் கீறி அனுப்பினா ஓம் எண்டுதானே அர்த்தம்" என்றாள் தேவமலர்.

மற்றக் கடிதம் நான்கு பக்கம். 'நிஷ்ட்' என்ற சொல் அதில் பதினொரு தரம் வந்தது. இல்லை என்று பொருள்படும் அந்தச் சொல் இருவருக்கும் தெரியும். பலகை இருக்கும், நாங்கள் இருக்க மாட்டோம் என்று கொறற்றி முடிவு கட்டினாள். தேவமலர் பெட்டியை இறக்கி வைத்தாள். பிறகு எந்த ஊருக்குப் போக என்று யோசித்து மறுபடியும் ஏற்றி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலச்சந்திரன் வந்தார். எட்டு வருடம் முன்பே ஜெர்மனிக்கு வந்து, உணவகம் ஒன்றில் வேலை செய்துகொண்டு, தமிழருக்குக் கடிதம் வாசித்துச் சொல்கிறவர். முதலில் படத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"தங்கச்சி, இது உங்கட படமில்லை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டில ஒரு பொம்பிளை பதிஞ்சது. மரியன்னா எண்டு பேர். விதவை. போலந்துப் பக்கத்தில இருந்து வந்தவ, தையல் வேலை எண்டு போட்டிருக்கு. ஒரு கையாலை சமைக்கிறவைக்கான பிடிபலகையாம். ஏற்கெனவே இருக்கிறபடியா உங்களுக்குப் பதிய ஏலாதாம்."

கொறற்றி படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். களவு எடுத்தவள்போல அவளுக்கு முகம் சுட்டது. "நான் ஆரையும் பாத்துச் செய்யேல்லை அண்ணை. சத்தியமா."

"அது அவைக்கும் தெரியும். ஆரும் உங்களைக் குற்றம் சொல்லேல்லை."

"அப்ப மற்றது?"

அவர் நான்கு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். "அகதி எண்டு ஏற்க ஏலாதாம்."

தேவமலர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறுங்கோ, நான் இன்னும் சொல்லி முடியேல்லை. ஆனா இப்ப உங்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டினமாம். இருக்கலாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போய் முத்திரை குத்த வேணும். டுல்டுங் எண்டு சொல்லுவினம். பொறுத்துக்கொள்ளுறது எண்டு வையுங்கோவன்."

"இல்லை எண்டும் சொல்லி, இருங்கோ எண்டும் சொல்லினமோ?" என்று கேட்டாள் கொறற்றி.

"ஓம்."

"அப்ப நாங்கள் சிரிக்கிறதோ அழுகிறதோ?"

"எட்டு வருசமா எனக்கே தெரியாது" என்றார் பாலச்சந்திரன், தேநீரைக் குடித்தபடி.

அந்த வாரம் முழுக்கக் கொறற்றி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியன்னாவிடம் கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை. யாருடைய கைக்காக அவள் அதைச் செய்தாள்? தன் கைக்காகவா? அவளையும் இந்த ஊர் பொறுத்துத்தான் கொண்டதா? கடதாசியில் பெயரும் ஊரும் தொழிலும் திகதியும் விதவை என்பதும் தவிர அவளைப் பற்றி வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வளைந்த தகடு என்ன செய்கிறது என்பது நான்காம் நாள் சட்டென்று விளங்கியது. அது ஒரு வில். காலை எடுத்ததும் கட்டைகளைத் தானே விலக்கிவிடும். கொறற்றி பழைய இரும்பு அடிமட்டம் ஒன்றை வளைத்துப் பூட்டினாள். தேவமலர் மிதித்தாள், விட்டாள். பலகை வாயைத் திறந்தது.

"உவ மனுசி கெட்டிக்காரி" என்றாள் தேவமலர்.

ஹெல்ஷர் ஒருநாள் பலகையைக் கை கால் இழந்தவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த தச்சுக்கூடத்தில் ஆறு பலகை செய்தார்கள். கொறற்றி வேலை செய்யக்கூடாது என்பதால் அவளை விருந்தாளி என்று பதிந்து, ஒரு கதிரையில் இருத்தி, எங்கே ஆணி, எங்கே வில் என்று கைகாட்டச் சொன்னார்கள். அவள் எழும்பிச் சுத்தியலைத் தொட்டபோதெல்லாம் தச்சர் பதறிப்போய்க் கோப்பி வார்த்துக் கொடுத்தார். தேவமலர் நோயாளிகளுக்கு மிதிக்கப் பழக்கினாள். அவளுக்கு அவர்களுடைய மொழி தெரியாது. ஆனால் மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டினால் எல்லோரும் கேட்டார்கள்.

சுரங்கத்தில் கையை இழந்த கிழவர் ஒருவர் முதல் நாள் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஆப்பிள் ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்து மிதித்து, ஒரே சுருளாகத் தோலைச் சீவி எடுத்தார். பிறகு பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கத்தி நுனியில் குத்திக் கொறற்றியிடம் நீட்டினார். ஏதோ கேட்டார். கேள்வியா, நன்றியா, பகிடியா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் ஓம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "யா"வைச் சொன்னாள். அறை முழுவதும் சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்றும் தெரியாமல் கொறற்றியும் சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கிக் கடித்தாள்.