சென்னை அணியில் பேசியவள்

பட்டியலில் என் பெயர் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். எழில்மொழி என்ற பெயரை டைப் அடிக்கிறவர் தவறவிட்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. மொத்தம் இருபது பேர், எண்ணிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் கம்பெனி திருவொற்றியூரில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் போடுகிற ரப்பர் சீல் செய்கிறோம். மோட்டார் செய்கிறவர்கள் கோயம்புத்தூரில் இருக்கும்போது சீல் மட்டும் இங்கே எதற்கு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. நவம்பரில் அறிவித்தார்கள். நாற்பத்து மூன்று பேரில் இருபது பேருக்கு அங்கே வேலை, மிச்சப் பேருக்கு செட்டில்மென்ட். விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றதும் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தவள் நான். பதினோரு வருஷமாகப் பரிசோதனை மேஜையில் இருக்கிறேன். சீலில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். ஜனவரியில் ஒட்டிய அந்தப் பட்டியலில் போன வருஷம் சேர்ந்த இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கோயம்புத்தூர் மேல் ஆசைப்பட்டு நான் எழுதிக் கொடுக்கவில்லை. என் மகள் அம்முவுக்கு ஏழு வயது. நாங்கள் எர்ணாவூரில் குடியிருக்கிறோம், சுற்றிலும் தொழிற்சாலைகள். சில நாள் அழுகிய முட்டை நாற்றம், சில நாள் கண்ணைக் கரிக்கிற வேறு ஏதோ ஒன்று காற்றில் வரும். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அம்மு மட்டும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பாள். போன வருஷம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாவது தடவை டாக்டரம்மா ஃபைலை மூடிவிட்டு, மருந்தை நான் கொடுக்கலாம், காற்றை நான் எங்கிருந்து கொடுப்பது, வேறு ஊர் பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் பகலவன் ஓட்டுவது வாடகை ஷேர் ஆட்டோ. என் வேலையை நம்பித்தான் நாங்கள் எந்த ஊருக்கும் போக முடியும். அந்த இருபதில் எனக்கு ஓர் இடம் கிடைத்தால் அம்மு மூச்சு விடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

ஏன் என்னைக் கழித்தார்கள் என்பதை ஃப்ளோரன்ஸ் கண்டுபிடித்து வந்தாள். ராயபுரத்துக்காரி, பாக்கிங் பிரிவில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் ஆபீசில் ஒரு காகிதம் நகராது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொன்னாள். என்னைக் கழித்துக் கட்டியது என் வாய்தான்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியில் பட்டிமன்றம் நடக்கும். இந்தத் தடவை தலைப்பு, வாழ்வதற்குச் சிறந்த ஊர் சென்னையா, மதுரையா, கோவையா. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குச் சென்னை அணி வந்தது. கோவை வந்திருந்தால் சிறுவாணித் தண்ணீருக்காக உருகியிருப்பேன். மதுரை வந்திருந்தால் விடிய விடிய இட்லி கிடைக்கிற ஊர் உலகத்தில் வேறு உண்டா என்று சவால் விட்டிருப்பேன். பட்டிமன்றம் என்றால் அதுதானே. கொடுத்த அணிக்குத் தொண்டை வற்றப் பேசிவிட்டு, இறங்கிவந்து எதிர் அணிக்காரரோடு சேர்ந்து சுண்டல் தின்பது.

அன்றைக்கு நான் பிளந்து கட்டினேன். வெள்ளத்தில் சடையங்குப்பம் மூழ்கிக் கிடந்தபோது மீன்பிடிப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களைச் சொன்னேன், நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நிற்பதைக்கூட விடவில்லை, அந்த அரை மணியில்தான் கல்யாணம் முதல் சாவு வரை எல்லாச் சேதியும் கிடைக்கிறது என்றேன். முடிக்கிற இடத்தில் கோவை அணியைப் பார்த்துத் திரும்பினேன்.

"கோயம்புத்தூர்ல வாங்க வாங்கன்னு கூப்ட்டு, தேன் மாதிரி பேசி, காபியோட அனுப்பிடுவாங்க. எங்க ஊர்ல 'இன்னாமே, இப்பதான் வூடு தெரிஞ்சுதா'ன்னு திட்டிக்கினே தட்டுல சோத்தப் போடுவோம்."

கைதட்டல் அடங்கவில்லை. நடுவர் மணியை அடித்து ஓய்ந்தார். ஃப்ளோரன்ஸ் அதை மொபைலில் எடுத்து வாட்ஸப்பில் போட்டாள். அது ஊர் சுற்றிக் கோயம்புத்தூர் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கே எச்.ஆர். மேனேஜர் தாமோதரன். பட்டியல் போடுவது அவர் பொறுப்பு. முன்னோட்டமாக நவம்பர் கடைசியில் இங்கிருந்து நாலு பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள். நாலு பேரும் நாற்பது நாளில் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவருக்கு அங்கே கிடைக்கிற மீன் பிடிக்கவில்லை, ஒருவருக்கு ஊர் சீக்கிரம் அடங்கிப்போவது பிடிக்கவில்லை, மற்ற இரண்டு பேர் வாயைத் திறந்தாலே அங்கே சிரிக்கிறார்கள் என்றார்கள். தாமோதரனுக்கு முதலாளியிடம் நல்ல டோஸ் விழுந்திருக்கிறது. இனி ஓடிப்போகாத ஆளாகப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொன்னவர், என் வீடியோவைப் பார்த்துவிட்டு, இந்தம்மா நாலு நாள்கூடத் தாங்காது என்று என் பெயரை அடித்துவிட்டார்.

பட்டியலில் இருந்த ஒருவர் வர முடியாது என்று சொன்னதில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தாமோதரன் கையெழுத்துப் போட வருகிறார், மூன்று மணிக்கு அவருக்கு ஃப்ளைட். ஃப்ளோரன்ஸ் யார் யாரையோ பிடித்துப் பத்து நிமிஷம் வாங்கித் தந்தாள். என்ன பேச வேண்டும் என்றும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

"அய்யோ சார், எங்க ஊரு செம கலீஜு, மைக்க பாத்த ஜோருல தெரியாம பேசிட்டேன்னு சொல்லு. அத்த மட்டும் சொல்லிட்டு வா. அந்தாளு குளிர்ந்துடுவான்."

சொந்த ஊரைக் குப்பை என்று சொல்வது கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் பகலவனிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் கிடையாது, உன் சம்சாரமா என்று கேட்டுக் கைகொடுத்தவர்கள் உண்டு. அம்முவுக்காக நீ சொல்கிற எந்த ஊருக்கும் வருகிறேன் என்றார். ஆட்டோவை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் எதிர்ல குந்திக்கினு நம்ம ஊர கலீஜுன்னு உன் வாயால சொல்லாத எழிலு. ஊர்ல கீறவன் பூரா அத்ததான் சொல்றான். நீயும் சொல்லிட்டா அப்புறம் இன்னா கீது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன் பெருமையை நெபுலைசரில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்முவுக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, தண்ணி என்று சொல்லவே நடுவில் ஒரு மூச்சு எடுத்தாள். பகலவன் ஆட்டோ எடுக்காமல் அவளை மடியில் வைத்து மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். நான் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஃப்ளோரன்ஸ் சொன்னதை மனப்பாடம் செய்தேன். நேற்று வரைக்கும் யோசனையாக இருந்தது, இழுப்புச் சத்தத்தைக் கேட்டபிறகு யோசனை எல்லாம் போய்விட்டது. கலீஜ் என்றால் கலீஜ், சொல்லிவிட்டு வரவேண்டியதுதான்.

தாமோதரனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நான் உள்ளே போனதும் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். எங்கள் கம்பெனியில் எனக்காக ஒரு மேனேஜர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. பிறகு தன் மொபைலை மேஜை நடுவில் வைத்து என் வீடியோவை ஓடவிட்டார். என் குரலை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோத்தப் போடுவோம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"நல்லாப் பேசறீங்க. இதெல்லாம் நெசந்தானுங்களா, இல்ல மேடைக்காகச் சொன்னதுங்களா?"

இரண்டு பதில்தான் உண்டு. நிஜம் என்றால் வீட்டுக்குப் போகலாம், பொய் என்றால் இடம் கிடைக்கும். மனப்பாடம் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். பையிலிருந்த என் மொபைல் அதிர்ந்தது. பகலவனாகத்தான் இருக்கும், எடுத்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"நெசந்தான் சார்" என்றேன்.

ஏன் அப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. அவர் மொபைலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்படியானால் என்னைக் கஷ்டப்படுத்துவதில் தனக்கு இஷ்டமில்லை என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். பயத்தில் எனக்கு எங்கள் பாஷைதான் வந்தது.

"ஓடியாந்த நாலு பேரும் உங்க ஊரு சொர்க்கம்னு நெனச்சுக்கினு போனவங்க சார். நான் அப்டி வரல. இன்னா இன்னா வுட்டுட்டு வரேன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு வுடாம மைக்குல எண்ணிச் சொல்லிக் கீறேன், நீங்களே பாத்தீங்க. தெரிஞ்சு வுட்டுட்டு வர்றவ எதுக்கு சார் திரும்ப ஓடப் போறா?"

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். அம்முவைப் பற்றிச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். காலையில் தண்ணி என்ற ஒரு சொல்லுக்கு அவள் எத்தனை பாடுபட்டாள் என்றும் சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது, அதற்காக நான் வெட்கப்படவில்லை. எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல் தாழ்த்திச் சொல்லவும் இல்லை. நீங்கள் பேசினால் அங்கே சிரிப்பார்களே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார்.

"சிரிக்கட்டும் சார். அவுங்க சிரிக்கசொல்ல எம் பொண்ணு மூச்சு வுட்டுக்கினு இருப்பா."

தாமோதரன் பட்டியலை இழுத்து, காலியாக இருந்த வரியில் என் பெயரை எழுதினார். எழுத்துத் தப்பு வந்துவிடாமல் ழகரத்தை என்னிடம் காட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. டீ வரவழைத்தார். மொபைலைப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். பகலவன்தான், இழுப்பு அடங்கிவிட்டது, தூங்குகிறாள் என்று அனுப்பியிருந்தார். அந்த நிமிஷம் போல் சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அவருக்கும் மனசு இளகிவிட்டது. புது ஊரில் வீடு தேடுவது பெரிய பாடு என்றார். நீலம்பூர்ப் பக்கம் தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை போர்ஷன் காலியாக இருக்கிறது, தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, சுற்றிலும் தென்னந்தோப்பு, காற்றுக்குக் குறைவே இல்லை என்றார். தன் பேத்திக்கும் ஏழு வயதுதான், இரண்டும் சேர்ந்து விளையாடும் என்றார். ஆர்டரை அச்செடுத்து வரச் சொல்லிவிட்டு, அது வருகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். அம்மு தென்னைக்கு நடுவில் ஓடுவதை நான் பார்த்தே விட்டேன். ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், ஞாபகம் வந்ததுபோலக் கேட்டார்.

"உங்களுக்குக் குலதெய்வம் எந்தூருங்கம்மா?"

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. ஊரையும் சாமியையும் சொன்னால் மிச்சத்தை அவர்களே தெரிந்துகொள்வார்கள். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஏதாவது ஓர் அம்மன் பெயரைச் சொல்லியிருக்கலாம். தென்னந்தோப்பு கிடைத்திருக்கும்.

"எங்களுக்குக் குலதெய்வம் கெடையாது சார். நாங்க பௌத்தம். பொறந்தது புளியந்தோப்பு."

"ஓ. நல்லதுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லிலேயே எங்கள் சாதி அவருக்குத் தெரிந்திருக்கும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆர்டரில் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். அதற்குப் பிறகுதான், அந்தப் போர்ஷனைச் சம்சாரம் தன் அண்ணன் மகனுக்குப் பேசி வைத்த மாதிரி ஞாபகம், கம்பெனியே வேறு இடம் பார்த்துக் கொடுக்கும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். ஒவ்வொரு சொல்லிலும் மரியாதை இருந்தது. ஆர்டரின் இரண்டாவது பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

முப்பத்து நாலு வருஷத்தில், புளியந்தோப்பிலும் சரி, எர்ணாவூரிலும் சரி, எங்கள் தெருவில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. எல்லாரும் எங்கள் சனமே என்பதால் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். சென்னையிலும் இதைக் கேட்கிற தெருக்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் அணிக்கு இதைவிடப் பெரிய வாதம் இருந்திருக்க முடியாது. கேட்காத கேள்வி என்பதால் பேச்சுக் குறிப்பில் அதை எழுதவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது, எதிரே ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. எந்தச் சொல்லில் தொடங்கி எங்கே நிறுத்தினால் கூட்டம் எழுந்து நிற்கும் என்றுகூடத் தெரிந்தது.

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.