ஆணி அடிக்காத வீடு

வாடகை ஒப்பந்தத்தில் பதினான்கு நிபந்தனைகள் இருந்தன. முதல் பதின்மூன்றும் எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களும் எழுதுவது, எல்லாக் குடித்தனக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவது. பதினான்காவதை மட்டும் வீட்டுக்கார அம்மாள் தன் பேனாவாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, கேட்காமல் பெயின்ட் அடிக்கக்கூடாது.

அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் திரும்பிப் போனதாகக் கேள்வி. லேப் அக்கா போகவில்லை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து கொடுத்து, பிள்ளைகள் உடைப்பதையெல்லாம் ஒட்டவைக்கிற உதவியாளர் அவள். பிள்ளைகள் வைத்த பெயர் தெருவரைக்கும் வந்து, கடைசியில் மாமனார் வாயிலேயே அப்படித்தான் வர ஆரம்பித்துவிட்டது. ஆறு வருஷத்தில் நான்கு வீடு மாறியவளுக்கு இந்த ஐந்தாவது வீடு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை. தரைத்தளம் என்பதால் மாமனாரின் முழங்காலுக்குப் படிக்கட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆணிதானே, அடிக்காமல் இருந்தால் போயிற்று என்று கையெழுத்துப் போட்டாள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். சுவர் இருந்தும் தொடக்கூடாது என்றால் என்ன செய்வது? அவள் செய்தாள். திரைச்சீலையை ஜன்னல் இடைவெளிக்குள் இறுகி நிற்கிற ஸ்பிரிங் கம்பியில் தொங்கவிட்டாள். யாரோ தூக்கிப் போட்ட மர ஏணியைத் தேய்த்துச் சுவரில் சாய்த்துவைத்தாள். நான்கு படியில் நான்கு துண்டு. பால்மாவு டப்பாக்களுக்குச் சணல் கயிறு சுற்றி, ஜன்னல் கம்பியில் கட்டி, கரண்டியும் கத்திரிக்கோலும் போட்டுவைத்தாள். இழுக்க வராத டிராயருக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாள். ஒரு அட்டைப்பெட்டியையும் குப்பைக்குப் போகவிட்டதில்லை. ஒட்டிய இடங்களைப் பிரித்து, தட்டையாக மடித்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிடுவாள். அது மட்டும் கைவேலைக்கு அல்ல. அடுத்த வீடு மாறும்போது வேண்டும் என்பதற்காக. அந்த அடுக்கைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அடுக்குவாள்.

வருஷம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாக வீட்டுக்கார அம்மாள் சொல்லியனுப்பினார். பார்த்துத் திருப்தியானால் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கையெழுத்து. இல்லையென்றால் காலி செய்ய ஒரு மாதம். வேறொரு குடும்பம் காத்திருக்கிறதாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷி அவர். பகலிலேயே டார்ச் அடித்து மூலைகளைப் பார்ப்பார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

இப்படி ஒரு வாரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பதுதான் புத்திசாலித்தனம். லேப் அக்காவின் வீட்டுக்காரரோ, அதாவது அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி ஆழத்துக்குள் இறங்கிச் சங்கிலியை மாட்டுகிறவருக்கு, வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாதது ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை அவள் பள்ளிக்கூடம் போனதும், வேலையிடத்து டிரில் மெஷினை எடுத்து, அளந்து, குறித்து, கூடத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டார். போட்டு முடித்த பிறகுதான் மறுநாள் ஞாயிறு என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு மணிக்கு அவள் வந்தபோது மாமனார் செய்தித்தாளை வழக்கத்தைவிட உயர்த்திப் பிடித்திருந்தார். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், உடை மாற்றிக்கொண்டு வந்தாள். மனுஷன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“சுவத்தை நீங்க தாங்கிப் பிடிக்கலைன்னா விழுந்துடுமா?” என்று கேட்டாள்.

அவர் நகர்ந்தார். மிளகு அளவில் ஓர் ஓட்டை அவளைப் பார்த்தது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஆனால் கோபப்படவும் பயப்படவும் நேரம் வேண்டுமே, அது இல்லை.

வெள்ளைப் பற்பசையில் சாக்குக்கட்டியைப் பொடித்துக் கலந்து, ஒரு சொட்டுப் பசை விட்டுப் பிசைந்தாள். சுவர் முழு வெள்ளை இல்லை, சந்தன நிறம். பால் விடாத டீயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஓர் அட்டைத் துண்டில் தடவி, காயவைத்து, சுவரோடு வைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறை நிறம் ஒத்துவந்தது. பழைய வாழ்த்து அட்டையின் ஓரத்தால் ஓட்டைக்குள் அடைத்து வழித்துவிட்டாள். அங்கே ஓட்டை இருந்தது என்று போட்டவரே சத்தியம் செய்ய முடியாது.

தப்பு எங்கே நடந்தது என்றால், அடைக்கும் முன் சுற்றிலும் செங்கல் தூசி இருந்ததே, அதை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்திருந்தாள். ஆய்வக வழக்கம், எதை ஒட்டுவதானாலும் முதலில் இடத்தைச் சுத்தம் செய்யாமல் அவள் கை ஓடாது. ஒரு வருஷத் தூசி படிந்த சுவரில் அந்த இடம் மட்டும் தட்டளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எல்லையை மங்கலாக்கலாம் என்று ஓரத்தைத் துடைத்தாள். தட்டு தாம்பாளமானது. தாம்பாளம் கதவானது. முழுச் சுவரையும் துடைத்து முடித்தபோது மற்ற மூன்று சுவர்களும் அழுக்காகத் தெரிந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். இங்கே குரங்கு வீடு முழுக்கத் தாவியது.

ஞாயிறு காலை மூன்று பேரும் இறங்கினார்கள். வெந்நீரில் சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. சுவரைக் கீழேயிருந்து மேலே துடைக்க வேண்டும், மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு விழும் என்று சொல்லிக்கொடுத்தாள். முழங்கைக்குத் தண்ணீர் வழியாமல் இருக்க மணிக்கட்டில் துணி கட்டிவிட்டாள். மாமனாருக்கு உட்கார்ந்த வேலை. ஸ்விட்ச் பலகைகளைச் சுற்றியிருந்த கைக்கறையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் அழித்தார். பழைய உத்தியோகத்தில் பயணிகளின் டிக்கெட்டைப் பரிசோதித்த அதே சிரத்தையோடு அழித்தார். மூன்றரை மணிக்கு வீடு மின்னியது. இதைப் பார்த்து யாராவது குறை சொல்ல முடியுமா என்று அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

சரியாக நான்கு மணிக்குப் பூதக்கண்ணாடி வந்தார். வாசலிலேயே நின்றார். டார்ச்சைக் கையில் எடுத்தவர் அதைப் போடவே இல்லை.

“யாரைக் கேட்டுப் பெயின்ட் அடிச்சீங்க?” என்றார்.

துடைத்ததுதான் என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். தான் கொடுத்தபோது இருந்ததைவிடப் புதுசாக ஒரு வருஷத்துக்குப் பிறகு எந்தச் சுவரும் இருக்காது, தன் காதில் பூ சுற்ற வேண்டாம் என்று சொல்லி, அவர் கையோடு கொண்டுவந்திருந்த ஒப்பந்தத் தாளைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். லேப் அக்காவுக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைகள் கண்முன் வந்தன. மாமனாரின் முழங்கால் வந்தது. உண்மையைச் சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. சொல்லிவிட்டே போகட்டும் என்று முடிவெடுத்தாள்.

“பெயின்ட் அடிக்கலைம்மா. ஒரு ஓட்டை போட்டுட்டோம். அதை மறைக்கப் போய் வீட்டையே கழுவ வேண்டியதா போச்சு.”

“எங்கே ஓட்டை?”

அங்கேதான் வந்தது வினை. ஓட்டையைக் காணோம். அவள் தடவிப் பார்த்தாள், வீட்டுக்காரர் தடவினார், மாமனார் நாற்காலியிலிருந்தபடியே இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இப்போது தேடினால் பூசணிக்காய் அகப்படவில்லை. இல்லாத ஓட்டையைச் சொல்லி அடித்த பெயின்ட்டை மறைக்கிறார்களா என்று அம்மாளின் குரல் ஏறியது.

வீட்டுக்காரர் போய் அளவு டேப்பை எடுத்துவந்தார். தரையிலிருந்து ஐந்தடி நான்கங்குலம், ஜன்னல் ஓரத்திலிருந்து மூன்றடி. சுவரில் விரலை வைத்தார். அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், டார்ச் அடித்தார், நகத்தால் கீறினார். ஒன்றுமில்லை.

“குத்திக் காட்டுங்க” என்றார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினான்காவது நிபந்தனையை எழுதியவரின் வாயில் வந்த சொல் அது. வீட்டுக்காரர் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினார். பொருக்கு உதிர்ந்தது, மிளகு அளவில் ஓட்டை. அம்மாள் குனிந்து முகர்ந்தார்.

“இதென்ன, பல் தேய்ச்ச வாசனை வருது?”

பற்பசை, சாக்குப்பொடி, நிறத்துக்கு டீ என்று லேப் அக்கா ஒப்பித்தாள், தேர்வில் மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி. அம்மாள் டார்ச்சை அணைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கறையில்லாத ஸ்விட்ச் பலகையைப் பார்த்தபடி, தன் வீட்டு ஸ்விட்ச் பலகைகளைச் சுற்றி இருபது வருஷக் கைக்கறை இருப்பதாகவும், அது எதற்கும் போகவில்லை என்றும் சொன்னார். மாமனார் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார். அம்மாள் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத் தாள் வெளியே வந்தது.

எதற்காக ஓட்டை என்று கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பத்து வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் வேலை பார்த்ததற்காக நிறுவனம் கொடுத்த சுவர்க் கடிகாரம். கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“ஆறு வருஷமா பெட்டியிலயா வெச்சிருந்தீங்க?”

“வீடு நிலையா இருந்தாத்தானேம்மா மாட்டுறதுக்கு” என்றார் அவர். லேப் அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அட்டை அடுக்கியது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாளே.

அம்மாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷம். எழுந்து வாசலுக்குப் போனவர் திரும்பி, “போட்டது போட்டீங்க, அதைக் காலியா விட்டுடாதீங்க. மாட்டுங்க. ஆனா இது ஒண்ணோட சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, ஐந்து இருபதுக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் சத்தமாகத்தான் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை.

காலிப் பெட்டி மேசையில் கிடந்தது. லேப் அக்காவின் கை தன்போக்கில் ஒட்டிய இடங்களைப் பிரித்து, அதைத் தட்டையாக மடித்தது. படுக்கையறை வாசல்வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து, ஜன்னல் டப்பாவிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, அட்டையைப் பட்டை பட்டையாக வெட்ட ஆரம்பித்தாள்.

“வீடு மாத்தும்போது வேணுமேம்மா” என்றார் மாமனார்.

“வேணாம் மாமா. டிராயர்ல சீப்பும் சாவியும் ஒண்ணாக் கிடக்கு. தடுப்பு வைக்கப் போறேன்.”